புக்ரா

தமாமில் நான் கற்ற முதல் சொல் மோயா, தண்ணீர்.
இரண்டாவது புக்ரா.
நாளைக்கு.

பதினொரு மாதச் சம்பளம்
அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது.
அதைச் சொல்லும்போது கஃபீல்
சிரிக்கவும் மாட்டான், முறைக்கவும் மாட்டான்.
வண்டிச் சாவியை விரலில் போட்டுச் சுற்றுவான்.
பன்னிரண்டாம் மாதமும் கேட்டேன்.
ஓடிப்போனவன் என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.
அன்றைக்கு நான் அவன் வீட்டுச் சுவரில்
இரண்டாவது கோட்டிங் அடித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் மூன்று வருஷம்.
போலீஸ் நிற்கிற சிக்னலுக்குப் பயந்து
ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வேலைக்குப் போவேன்.
பல் வலித்தால் கிராம்பு.
வாப்பா மௌத்தான இரவு
பக்கத்துக் கட்டில்காரன் விடியுமுன் எழ வேண்டியவன் என்று
தலையணைக்குள் அழுதேன்.

பொது மன்னிப்பு வந்தது.
என்ன தப்பு என்று சொல்லாமலே மன்னித்தார்கள்.
பத்து விரலையும் கண்ணாடியில் அழுத்தி வாங்கிக்கொண்டு
திருச்சிக்கு ஏற்றிவிட்டார்கள்.
கையில் ஒரு பிளாஸ்டிக் பை.
உள்ளே இரண்டு பிரஷ்.

இப்போது நான் காண்ட்ராக்டர்.
ராமேஸ்வரத்தில் மூன்று மாடி லாட்ஜ் ஓடுகிறது.
வேதாளைப் பையன்களுக்கு நாளுக்குத் தொள்ளாயிரம்,
மண்டபம் முகாம் பையன்களுக்கு அறுநூற்றைம்பது.
ஏன் என்று யோசித்ததில்லை.
மீன் கம்பெனியிலும் அப்படித்தான்,
ஐஸ் பிளாண்டிலும் அப்படித்தான்.
கச்சான் காற்றை ஏன் அந்தப் பக்கமிருந்து அடிக்கிறாய் என்று
யாராவது கேட்கிறோமா.

டிலக்சன் முகாம் பையன்.
கடல் தாண்டி வந்தவன் என்கிறது காகிதம்.
தாண்டியது அவன் அம்மா. இவன் பிறந்தது
அதற்கு எட்டு வருஷம் கழித்து, ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்.
பாம்பன் பாலத்தில் எந்த ரயில் எப்போது ஏறும் என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான்.
ஆனாலும் அவன் அனுமதியில்லாமல் நாட்டுக்குள் நுழைந்தவன்.
எந்த வாசல் வழியாக என்று கேட்டால்
அம்மாவைத்தான் காட்ட வேண்டும்.

சாரத்தின் உச்சிக்கு அவனைத்தான் ஏற்றுவேன்.
பயமே கிடையாது பையனுக்கு என்பேன் எல்லோரிடமும்.
விழுந்தால் கேட்க ஆள் கிடையாது என்பதை
எனக்கே சத்தமாகச் சொன்னதில்லை.

இன்றைக்குச் சம்பளம் கேட்டான்.
நாற்பத்தோரு நாள் பாக்கி.
லாட்ஜ்காரர் எனக்கு முழுசாகத் தரவில்லை, உண்மை.
பாதி தந்தார், அதுவும் உண்மை.
"நாளைக்குப் பாக்கலாம்டா" என்றேன்.
குனிந்து பார்க்கிறேன்,
வண்டிச் சாவி
என் விரலில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அவன் முகம் கோணவில்லை.
தின்னர் வாடையோடு கிட்டே வந்தான்.
"காசு பிறகு தாங்கோ அண்ணே.
வேல செஞ்சன் எண்டு ஒரு துண்டுல எழுதித் தாங்கோ."
எதுக்குடா?
"என்ர பேர் இருக்கிற எல்லாத்திலயும் அகதி எண்டு இருக்கு.
இதுல பெயின்டர் எண்டு போடுங்கோ."

புட்டி வந்த அட்டைப்பெட்டியில் ஒரு பக்கம் கிழித்தேன்.
டிலக்சன், பெயின்டர்.
நாற்பத்தோரு நாள்.
நாளுக்கு ரூபாய்,
என்று எழுதி, பேனா அங்கே நிற்கிறது.

"அண்ணே, அஞ்சு மணி பஸ்" என்கிறான்.
இன்று முகாமில் ஆள் எண்ணும் நாள்.
பாலம் தாண்டப் பிந்தினால் பேரை வெட்டிவிடுவார்கள்.
அட்டைக்காகக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான்,
நகத்தில் லாட்ஜின் மஞ்சள்.
நான் இன்னும் எழுதவில்லை.