முப்பத்தெட்டு சதவீதம்

கிடினியா துறைமுகத்தில்
பதினோரு இரவு கூடுதல் வேலை.
அத்தனையும் சேர்ந்து
ஒரு அட்டைப்பெட்டியாய் வந்திறங்கியது.
மூன்று விசிறி, செங்கல் கனம்.
லிஃப்ட் இல்லாத கட்டடம்;
கிராபிக்ஸ் கார்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு
நான்கு மாடி ஏறினாள் போக்னா.

பழைய கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள்.
உள்ளே ஏழு வருடத் தூசி,
பூனை மயிர்,
எப்போதோ தொலைந்த ஒரு திருகு.
புதுக் கார்டு
பெண் வீட்டுக் கூடத்தில் மாப்பிள்ளை போல
இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு
டக்கென்று உட்கார்ந்தது.

விளையாட்டில் ஒரு நகரம்.
குளிர்காலம், சந்தைச் சதுக்கம், நாலாயிரம் பேர்.
ஒவ்வொருவரும் எங்கே போக வேண்டும்,
யாரை இடிக்கக் கூடாது,
எந்த மீனுக்குப் பேரம் பேச வேண்டும்,
எப்போது தும்ம வேண்டும்
என்றெல்லாம் முடிவு செய்வது பிராசசர்.
அது சொன்ன பிறகுதான்
கார்டு வரையத் தொடங்கும்.

திரையின் மூலையில் சின்ன எண்கள்.
நொடிக்கு நாற்பத்தொரு பிரேம்.
பழைய கார்டில் முப்பத்தொன்பது.

இரண்டு பிரேமுக்கா
பதினோரு இரவு?

அதற்குக் கீழே:
பிராசசர் நூறு. கார்டு முப்பத்தெட்டு.
சாமி வரம் கொடுத்துவிட்டது,
பூசாரி இன்னும் பேனா தேடிக்கொண்டிருக்கிறார்.

பூசாரியைத் திட்டவும் மனம் வரவில்லை.
எண்பத்தாறு டிகிரியில் வெந்துகொண்டு
நாலாயிரம் பேருக்கும் வழி சொல்கிறார்,
தனியாளாக.

தரத்தைக் குறைத்தாள்.
நிழல்கள் போயின. நாற்பத்தொன்று.
பனி வெள்ளைக் காகிதமானது. நாற்பத்தொன்று.
மனிதர்களுக்கு முகம் மழுங்கியது.
நாற்பத்தொன்றே.

"உன்னை மாதிரியே இருக்கிறது இது" என்றாள் ஜெமெக்கிடம்.
அவன் அதே துறைமுகத்தின் வாசலில்
லாரிக் காகிதங்களுக்கு முத்திரை குத்துகிறவன்.
"நீ ஒரு லாரியை உள்ளே விடும்வரை
நாற்பது மீட்டர் உயரத்தில் கிரேனோடு
கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்."

"ஒரு லாரிக்கு ஒன்பது காகிதம்.
உனக்கென்ன, ஒரே ஒரு கொக்கி."

சூப்பைக் கலக்கிக்கொண்டே கேட்டான்:
"லாரி வராதபோது
மேலே என்ன செய்வாய்?"
"என்ன செய்வேன்? கடலைப் பார்ப்பேன்."
"அப்படியானால் தரத்தைக் கூட்டு."
"குறைத்தால்தான் வேகம் என்பார்கள்."
"குறைத்தாயே, அசைந்ததா?
சும்மா இருப்பவனுக்கு
வேலை கொடு."

கூட்டினாள்.
எல்லாவற்றையும், கடைசிக் கோடு வரை.

நாற்பத்தொன்று.
ஒன்றுகூடக் குறையவில்லை.
ஆனால் சதுக்கத்து விளக்கு
சேற்றுக் குட்டையில் இறங்கி நடுங்கியது.
மீன்காரியின் சால்வையில் ஒரு நூல் பிரிந்திருந்தது.
விழும் பனித்துகள் ஒவ்வொன்றுக்கும்
தனித்தனியே ஒரு நிழல்,
தரையில் அதற்கு முன்பே வந்து
காத்துக்கொண்டு.

கார்டு தொண்ணூற்றொன்றுக்கு ஏறியது.
மூன்று விசிறியும் இரைந்தன.
பூனை எழுந்து சமையலறைக்குப் போய்விட்டது.
திருப்பங்களில் திணறல் அப்படியேதான்;
அவள் திரும்புவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள்.

மறுநாள் இரவு நிஜப் பனி.
கொக்கியில் பெட்டி தொங்குகிறது,
கீழே லாரி இல்லை.
விளக்கு வெளிச்சத்தில் துகள்கள்
காற்றுக்கு ஏற்பச் சாய்ந்து விழுவதைப் பார்த்தாள்.
ஸ்வீடன் போகும் கப்பலொன்று
ஜன்னல் ஜன்னலாக நகர்ந்தது.

வயர்லெஸ்ஸில் ஜெமெக்:
"இன்னும் ஆறு நிமிஷம்."
"அவசரமில்லை" என்றாள்.
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
பிறகு, "காய்ச்சலா உனக்கு?"

இருந்தாலும்
புதுப் பிராசசர் விலையைக் கேட்டுவைத்திருக்கிறாள்.
ஏழு இரவு.
அதற்குப் பழைய பலகை பொருந்தாதாம்.
அப்படியென்றால் பன்னிரண்டு.