பிழை உறுப்பு

மினியாபொலிஸ், பிப்ரவரி.
லேக் தெருச் சலவைக்கடையில்
ஒன்பதாம் எண் உலர்த்திக்குள்
என் போர்வையும் ஸோல்வெயின் காலுறைகளும்
கட்டிப்புரள்கின்றன.

ரசீதின் முதுகில் அவள் கணக்குப் போடுகிறாள்.
அறுநூறு பேர், இருபது இடம்.
நூற்றுக்கு மூன்று.
பதினாலு பொருளியல் துறைகளில்
எங்காவது ஒன்றில் நுழைய
முப்பத்தைந்து.

பரவாயில்லையே என்கிறேன்.

"பதினாலு நாணயம் சுண்டினால்தான் அந்தக் கணக்கு.
நான் சுண்டியது ஒன்றே ஒன்று.
எல்லா மேசைக்கும் போயிருப்பது
ஹால்வர்சன் எழுதிய அதே கடிதம்.
'கடின உழைப்பாளி' என்று மட்டும் எழுதியிருந்தாரோ,
தீர்ந்தது."

மெய்ப் பகுப்பாய்வில் பி மைனஸ்.
அந்தக் குளிர்காலம் முழுக்க
விடியவிடியப் பனிவாரி லாரி ஓட்டிவிட்டு
உப்புப் படிந்த பூட்ஸோடு
முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தவள்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

சமன்பாட்டில் அடங்காததை
எங்கே போடுவீர்கள்?

"கடைசியில், பிழை உறுப்பு என்று."

பிழை.
அவள் பிழைத்த விதம் எல்லாம்
அந்த ஓர் எழுத்துக்குள்.

உலர்த்தி நிற்கிறது. காலுறை இன்னும் ஈரம்.
எட்டு நிமிடத்துக்கு ஒரு குவார்ட்டர்.
ஆயிரத்து நானூறு டாலர் விண்ணப்பக் கட்டணம் கட்டியவள்
கோட்டுப் பைகளைத் துழாவுகிறாள்.
என்னிடம் ஒன்று இருந்தது.

உலர்த்தியின் மேல் கவிழ்த்து வைத்த அவள் கைபேசி
அதிர்கிறது.
எடுத்துப் பார்க்கிறாள்.
இயந்திரம்தான்.
மறுபடி கவிழ்த்து வைக்கிறாள்,
அதே இடத்தில்.