பத்தொன்பது பெயர்கள்

தல்காவானோவில் மழை பெய்தால்
எங்கள் அலுவலகத்துக்கு மீன்மாவு ஆலையின் வாடை வரும்.
பெய்யாவிட்டாலும் வரும்.

அறிக்கை என் மேசைக்கு வந்தபோது
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
ஆறு பேர் ஆறு விதமாகத் தட்டியது.
ஒரு தலைப்பை நடுவில் நிறுத்த
முப்பத்தேழு முறை இடைவெளிப் பட்டையை அழுத்தியிருந்தான் எலியேசர்.
புதுப் பக்கம் வேண்டுமென்றால்
கீழே போய்ச் சேரும்வரை என்டர் தட்டியிருந்தாள் ஓர்ஃபெலினா.
பொருளடக்கத்தின் புள்ளிகள்கூடக்
கையால் வைத்தவை.
நடுவில் ஒரு வரி கூடினால்
அத்தனை பக்க எண்ணும் பொய்.

முதல் வேலையாக எல்லாவற்றையும் கழற்றினேன்,
தடிமன், சாய்வு, யாரோ ஆசைப்பட்ட ஊதா நிறம்.
வெற்று எழுத்து மட்டும் கரை ஒதுங்கிக் கிடந்தது.
பிறகு ஒவ்வொரு பத்தியாகக் கேட்டுக்கொண்டு போனேன்.
எப்படித் தெரிய வேண்டும் உனக்கு, என்றல்ல.
யார் நீ?
தலைப்பா, உட்தலைப்பா, சாட்சி சொன்னதா,
அலை உயரம் எழுதிய அட்டவணையின்
காலடிக் குறிப்பா?
சொன்னதும் அதற்குரிய பாணியைப் போர்த்தினேன்.
எட்டுப் பாணிகள் போதுமாயிருந்தன
ஒரு படகு மூழ்கியதைச் சொல்ல.

எட்டாவதன் பெயர் 'மாலுமி'.
இறந்தவர் பெயர் வரும் இடமெல்லாம் அது,
அறுநூற்றுப் பதினோரு இடம்.

வியாழன் மாலை ஐந்தரைக்குத் தலைவர் அழைத்தார்.
தீர்ப்பைவிடப் பெயர்கள் தடிமனாக இருக்கின்றனவாம்,
குற்றம் சாட்டுவதுபோல் இருக்கிறதாம்.
வெள்ளி எட்டு மணிக்கு அச்சகம்.
"ராத்திரி முழுக்க உட்காரணுமா?" என்றார், பரிவோடு.
இல்லை சென்யோரா அபர்க்கா.
ஒரே இடத்தில் மாற்றினேன்.
காப்பி ஆறுவதற்குள்
அறுநூற்றுப் பத்துப் பெயர்கள் மெலிந்து போயின.

ஒன்று மட்டும் அசையவில்லை.
பக்கம் இருநூற்று எண்பத்தெட்டு:
ரோசமேல் கத்ரிலேயோ, சமையல்காரர், வயது இருபத்து மூன்று.
பதினாறு புள்ளி அளவு. அழுத்தமான கறுப்பு.
எழுத்துக்கு எழுத்து கொஞ்சம் இடம் விட்டு,
மூச்சு விடட்டும் என்பதுபோல.

நான் செய்ததல்ல.
கோப்பைக் கடைசியாகச் சேமித்தது
புதன் இரவு 2.14, ஆவண அறை, எம். கத்ரிலேயோ.
இரண்டு வருடமாகக் காப்பி இயந்திரத்தருகே
தினமும் தலையசைக்கிறோம்.
அவளுக்கு இப்படியொரு குடும்பப் பெயர் இருப்பதே
எனக்குத் தெரியாது.

கன்ட்ரோலும் இடைவெளிப் பட்டையும்,
இரண்டு விசை.
அழுத்தினால் அந்தப் பையனும் வரிசையில் வந்து நிற்பான்.
அதுதான் முறை. மற்றவர்களுக்கு
நானே சொல்லிக்கொடுக்கும் முறை:
கையால் பூசியதை விட்டுவைக்காதே,
நாளை அதுதான் உன்னைக் கடிக்கும்.

விரல் விசைமேலேயே இருந்தது.
ஆலையில் ஷிப்ட் மாறும் சங்கு ஊதியது.

பிறகு அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தேன்.
வலப்பக்கம் சொடுக்கினால் வரும் பட்டியலில்
யாரும் தொடாத ஒரு வரி இருக்கிறது:
தேர்ந்ததற்கு ஏற்பப் பாணியைப் புதுப்பி.

திரை ஒரு கணம் திணறியது.
பக்கம் பக்கமாகப் பெயர்கள் எழுந்தன,
இயந்திரக்காரர், வலைக்காரர்கள்,
உடல் கிடைக்காத இருவர்,
எல்லோரும் சமையல்காரன் உயரத்துக்கு.
பொருளடக்கம் தன்னைத்தானே திருத்திக்கொண்டது.

காலையில் தலைவர் கட்டைக் கையில் வாங்கிப்
புரட்டாமல் எடை பார்த்தார்.
"ஏழு பக்கம் கூடியிருக்கிறதே?"

பெயர்களுக்கு இடம் பற்றவில்லை, என்றேன்.