நிமிடத்துக்கு எட்டுச் சொட்டு

இரவு பத்தரைக்கு நாலு சென்டிமீட்டர்.
ஒன்றேகாலுக்கும் அதே நாலு.
வரைபடத் தாளில் என் பேனாப் புள்ளிகள்
மேலே ஏற மறந்து
பக்கவாட்டில் நடக்கின்றன,
எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டி.

தலைப்பிரசவம். பெயர் அஞ்சலாட்சி.
ஊர் தேவனாம்பட்டினம்.
"என்னாக்கா, மொகத்துவாரம் தூந்துபோச்சா?" என்கிறாள்
வலிக்கும் வலிக்கும் நடுவே கிடைத்த ஐந்து நிமிஷத்தில்.
கெடிலம் கடலில் விழும் இடத்தில்
மணல் மேடிட்டால் படகெல்லாம் உள்ளேயே நிற்குமாம்.
"ஜேசிபி வந்து வெட்டி வுடும்.
சில நேரம் அதுக்குள்ள ஆறே ஒடச்சிக்கும்."

டாக்டர் பர்வீன் கையுறையைக் கழற்றினார்.
"இதுக்கு மேல பாக்க வேணாம். டிரிப் போடு ஜெசிந்தா."

குளிர்பெட்டியில்
யாரோ வைத்த மோர் பாட்டிலுக்குப் பின்னால்
சுண்டுவிரல் உயரக் கண்ணாடிக் குப்பி.
கழுத்தை ஒடித்து
அரை லிட்டர் உப்பு நீரில் ஐந்து யூனிட்.
நிமிடத்துக்கு எட்டுச் சொட்டு.
கைக்கடிகாரத்தைக் குழாயோடு ஒட்டிப் பிடித்து
உதடு அசைய எண்ணுகிறேன்.
பதினாறு வருஷமாக எண்ணுகிறேன்.
மஞ்சக்குப்பத்துக் கொசுவுக்கு அது தெரியும்,
இரண்டு கையும் வேலையாயிருக்கும்போதுதான் கடிக்கும்.

கதவோரம் நாத்தனார்:
"ஊசி போட்டா சட்டுனு பொறந்துடுமா சிஸ்டர்?"
சட்டுனு இல்லம்மா.
மருந்து அடியெடுத்துக் கொடுக்கும்.
மீதிப் பாட்டை அவள்தான் முடிக்கணும்.

பதினாறு. இருபத்து நாலு.
பத்து நிமிஷத்துக்கு மூன்று வலி.
கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு
புருஷன் கலைநேசனில் தொடங்கி
என் பரம்பரை வரைக்கும் திட்டித் தீர்த்தாள்.
நல்லது. ஆறு சென்டிமீட்டர்.

முப்பத்திரண்டில்
குழந்தையின் துடிப்பு நூறுக்கு இறங்கியது.
மூடினேன்.
இடப்பக்கம் புரட்டி, ஆக்ஸிஜன் மாட்டி,
அவள் வயிற்றின்மேல் காதாகவே ஆகிப்போனேன்.
நூற்று நாலு.
நூற்றுநாலு.
நூற்றுப் பதினெட்டு.
திட்டுவதை அவளும் நிறுத்தியிருந்தாள்.
நூற்று நாற்பது.

மறுபடி எட்டிலிருந்து.

பெண். இரண்டு கிலோ தொள்ளாயிரம்.
அழுத அழுகையில் பக்கத்து வார்டு விளக்கு எரிந்தது.

நாத்தனார் போனோடு வந்தாள்.
ஜோசியருக்கு உடனே அனுப்பணுமாம், சரியான நேரம்.
சுவர்க் கடிகாரம் ஆறு நிமிஷம் முந்தி ஓடும்.
என் கையில் ஐந்து நாற்பத்தொன்று.
சொன்னேன்.

பன்னிரண்டு கட்டம் போடுவார்கள்.
எந்தக் கட்டத்தில் உட்காரும்
முப்பத்திரண்டு சொட்டு,
நான் குழாயை மூடிய அந்த நாலு நிமிஷம்?
என்னிடமும் ஒரு கட்டத்தாள் இருக்கிறது,
எல்லாம் குறித்து, கையெழுத்துப் போட்டு.
அதை யாரும் கேட்டதில்லை.

"ஒடச்சிக்கிச்சா, நீங்க வெட்டி வுட்டீங்களா?"
கண்ணைத் திறக்காமல் அஞ்சலாட்சி.
ரெண்டும்தான் என்றேன்,
காலி பாட்டிலைக் கழற்றியபடி.
கொஞ்சம் யோசித்தவள் மாதிரி கிடந்து
டீ கேட்டாள்.
சர்க்கரை தூக்கலாய்.