கழிவு

நெல்லிக்குப்பம் தாண்டிக் கெடிலக்கரையோரம்
அஞ்சலாட்சியின் மோட்டார் கொட்டகை.
மண்சுவர். சதுர அடிக் கணக்கு பேசிக்
கிழக்குப் பக்கம் பாதி பூசிவிட்டேன்.
ஆலைச் சங்கு ஊதிய பிறகுதான் பார்த்தேன்:
ஈரச் சிமெண்டுக்கு முன்னால் ஒருத்தி
அந்தரத்தில் நின்று
மேலே, கீழே, ஒரு முழம் இடப்பக்கம்,
மறுபடியும் அதே இடம்.
வயிற்றில் நீலப் பட்டைகள்.
பின்னங்காலில் மகரந்தம்,
இறக்கிவைக்க இடமில்லாத சுமை.

அடை கட்டுகிற இனமில்லை இது.
ராணி கிடையாது, கூட்டம் கிடையாது,
கைக்கு உதவ ஒரு சித்தாள் கிடையாது.
தானே தோண்டித் தானே மெழுகுவாள்,
ஈரம் இறங்காத பூச்சு
(எனக்கு இன்னும் கைவராத வேலை).
அறைக்குக் கொஞ்சம் மகரந்தக் கூழ், ஒரு முட்டை,
மண்ணால் மூடி.
பிள்ளை வெளியே வரும்போது
பெரும்பாலும் அவள் இருக்கமாட்டாள்.

கரணை நுனியால் சுரண்டினேன்.
கட்டுக்கம்பி விட்டுத் துழாவினேன்.
சில இடத்தில் பழைய துளை திறந்தது,
சில இடத்தில் நானே போட்ட புதுத் துளை.
எது அவள் வாசல் என்று
அவளுக்கும் தெரியவில்லை.

மத்தியானம் கத்திரிக்காய்க் காரக்குழம்பு.
போன வருடம் தேனீப் பெட்டி
வாடகைக்கு வைத்துப் பார்த்தாளாம் அஞ்சலாட்சி.
அதுகள் வரப்பு தாண்டி எள்ளுப் பூவுக்குப் போயின.
"கத்திரிப்பூ பூட்டின பூ, கொத்தனாரே.
மஞ்சக் குழல் நுனியில ஊசிக்கண்ணாட்டம் துளை.
இதுதான் கவ்விக்கிட்டு உடம்ப உதறும்,
பொடி கொட்டும்."
தளம் போடுகையில் ஜல்லிக்குள் இறங்கும்
வைப்ரேட்டரை நினைத்துக்கொண்டேன்.
அதே ங்ங்ங்.
குழம்புக் காயைப் பிளந்தால் விதை, விதை, விதை.

சாயங்காலம் சைக்கிள் எடுக்கப் போனேன்.
காய்ந்த கோரைத் தண்டில் வரிசையாக ஆண்கள்,
தாடையால் கவ்வித் தொங்கியபடி தூக்கம்.
கட்டிய வீட்டில் அவர்களுக்குப் படுக்கை இல்லை.
எனக்கும் எந்த வீட்டில் இருந்தது?

மறுநாள் மீதிச் சுவரைத் தொடவில்லை.
அளவுப் புத்தகத்தில் எழுதினேன்:
கிழக்குச் சுவர், நீளம், உயரம்.
கதவு ஜன்னலுக்குக் கழிப்பதுபோலக்
கழிவு முப்பத்தெட்டுச் சதுர அடி.
காரணம்: வாசல்கள்.

அஞ்சலாட்சி இரண்டு தரம் படித்துவிட்டுக்
காசு எண்ணினாள்.
முதல் நாள் பூசிய பாதியைப் பற்றி
நாங்கள் பேசவில்லை.