பத்தொன்பது மில்லிமீட்டர்

வெலிங்டனில் படிப்பு முடித்து ஊர் திரும்பிய அதிகாரி
சோபா, குக்கர், நாய்க்கூண்டோடு
இதையும் விற்றுவிட்டுப் போனார்.
எழுபத்து நான்காம் வருடத்து ரேஸ் சைக்கிள்.
சட்டத்தில் இத்தாலிய எழுத்து பாதி உரிந்திருந்தது.
டயர் என் கட்டைவிரல் அகலம்கூட வராது.

ஆலையிலிருந்து கட்டபெட்டு வரை தார்.
அங்கிருந்து வீட்டுக்கு இரண்டரை கிலோமீட்டர்,
ஜல்லியைக் கொட்டிவிட்டு
யாரோ மறந்துபோன சாலை.
ஜூனில் மட்டும் ஐந்து பஞ்சர்.
ஐந்தாவதன்போது மழை.
ட்யூபில் பாம்பு கடித்தாற்போல் பக்கம் பக்கமாய் இரண்டு துளை.

நான் பச்சை இலை எடை போடுகிறவள்.
மூட்டைக்குள் கைவிட்டே
ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கலாம் என்று சொல்லிவிடுவேன்.
அன்று இரவு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி
அளவுகோலோடு உட்கார்ந்தேன்.

இதில் எதைக் கழிக்கலாம்?

கோயம்புத்தூரில் கிடைத்தது:
இருபத்தேழரை அங்குல ரிம் இரண்டு, முப்பத்தாறு துளை.
தோளுக்கொன்றாய் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.
"லக்கேஜ் போடணும்மா."
உள்ளே ஒன்றுமில்லையே அண்ணா, வெறும் வட்டம்தானே.
"வட்டத்துக்குத்தான்" என்று கிழித்துக் கொடுத்தார்.

பழைய ஹப்பை உருவிப் புது ரிம்மில் கோத்தேன்.
முதல் இரவு ஒரு துளை தள்ளிக் கோத்துவிட்டு
எழுபத்திரண்டு கம்பியையும் அவிழ்த்தேன்.
இரண்டாம் இரவைப் பற்றிச் சொல்வதற்கில்லை.
மூன்றாம் இரவு, சுற்றிவிட்ட சக்கரம் தள்ளாடாமல் நின்றது.

ரிம் இறங்கிவிட்டது. பிரேக் இறங்கவில்லை.
ரிம்மைத் தேடிப் போன கட்டை
டயரின் கன்னத்தில் உரசி நின்றது.
பத்தொன்பது மில்லிமீட்டர் எட்டவில்லை அதன் கை.
சகாயராஜின் பழைய இரும்புக் கடையில்
இளஞ்சிவப்பில் ஒரு குழந்தைச் சைக்கிள் கிடந்தது.
எப்படியோ, அதற்கு மட்டும் நீளமான கைகள்.
முன்னும் பின்னும் சேர்த்து எண்பது ரூபாய்.

எல்லாம் முடிந்த பிறகுதான் கணக்குப் போட்டேன்.
ரிம்மின் ஆரம்
முந்நூற்றுப் பதினொன்று, இப்போது இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
டயர்
இருபத்து மூன்று, இப்போது நாற்பத்திரண்டு.
குறைந்ததும் பத்தொன்பது. கூடியதும் பத்தொன்பது.
சைக்கிள் ஒரு நூல்கூடத் தாழவில்லை.
உலோகம் இருந்த இடத்தில்
காற்று இருக்கிறது.
அவ்வளவுதான்.

குன்னூரிலிருந்து நெவில் வந்தார்.
பழைய சைக்கிள் பதினொன்று வைத்திருக்கிறவர்.
சகாயராஜ் கொடுத்த பிரேக்கை
பிணத்துக்கு நாடி பார்ப்பதுபோல் தொட்டார்.
"பாவம் பண்ணிட்டீங்க மேடம்."
எதையும் வெட்டவில்லை, எதையும் பற்றவைக்கவில்லை.
முதலில் வந்த ரிம்மும் பிரேக்கும் அதோ ஆணியில் தொங்குகின்றன.
மூன்று இரவு கொடுத்தால் மறுபடி ரேஸுக்குத் தயார்.
ரேஸ் எங்கே நடக்கிறது என்பதை மட்டும்
அவர் சொல்லட்டும்.

நேற்று இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்தேன்.
முன்பெல்லாம் ஜல்லி தொடங்கியதும் பல் கிடுகிடுக்கும்.
நேற்று, ஈரத் துணியைக் கையால் அழுத்தினாற்போல் ஒரு சத்தம்.
கொஞ்ச தூரத்தில் அதுவும் இல்லை.
சத்தமில்லாமல் போவது எவ்வளவு நல்லது என்று
நினைத்து முடிக்கவில்லை,
சில்வர் ஓக் நிழல்களில்
ஒன்று கூடுதலாக இருந்தது.

காட்டெருமை.
இருட்டில் முதலில் தெரிந்தவை நான்கு வெள்ளைக் காலுறைகள்.
ஒல்லி டயராக இருந்திருந்தால்
வளைவுக்கு முன்பே கேட்டு ஒதுங்கியிருக்கும்.

பிடித்தேன்.
எண்பது ரூபாய் பிரேக்
முதல் நாள் பள்ளிக்கூட வாசலில் விட்ட பிள்ளைபோல்
ஓவென்று கத்தியது.

தலையை மட்டும் திருப்பிப் பார்த்தது.
தேயிலைக்குள் இறங்கிப் போக
ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டது.
அதுவரை நின்றிருந்தேன்,
முன் டயரைக் கட்டைவிரலால் அமுக்கியபடி.
காற்று கொஞ்சம் அதிகம்தான்.
வீட்டுக்குப் போனதும் இறக்க வேண்டும்.