மூடி திறப்பவள்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் சாத்தியிருந்தால்
அன்றைக்கு வேலை அரை மணி தாமதம்.
கையில் டார்ச், தோளில் பை,
பையில் அபேட் மருந்து, கரண்டி, பச்சைப் பேனா.
கொசுக்காரம்மா என்பார்கள்.
தேவகிருபை என்ற பேர்
சம்பளத் தாளில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

மூடியைத் திறந்து பார்ப்பதுதான் பிழைப்பு.
டிரம், சிண்டெக்ஸ், மொட்டைமாடி டயர்,
யாரும் கவிழ்த்துவைக்காத சிரட்டை.
மேலே என் முகம் ஆடும்,
கீழே புழு ஆடும்.

அடகுக்கடை பன்னாலால் வீட்டில்
செருப்பைக் கழற்றி நேராக மாடிக்கு.
சமையல்கட்டை மருமகளே பார்த்துவிட்டுச் சொல்வாள்,
‘ஒண்ணும் நஹி.’
பள்ளிவாசல் கேட்டில் நின்று
கம்பூசியா மீன் பாட்டிலை நீட்டினேன்.
ஹவுஸில் மீன் விழுந்ததும்
ஒளு செய்துகொண்டிருந்தவர்
காலை எடுத்து அதற்கு வழிவிட்டார்.
அத்தோ கடைக்கு வெங்காயம் பொரிக்கும் சரசு சிரிப்பாள்:
‘மூணு தலைமுறை ஆச்சு, இன்னும் பர்மாக்காரிதான்.’
ரோட்ரிக்ஸ் வீட்டில் மனைவி படத்துக்கு முன்னால் பூஜாடி.
அந்தத் தண்ணீரை நான் கொட்டக்கூடாது,
அவரேதான் கொட்டுவார், மெதுவாக.
காத்திருப்பேன்.
அட்டையில் அந்த நேரத்துக்குக் கட்டம் கிடையாது.

மண்டல ஆபீசில் ஒருநாள் உறுதிமொழி.
வரிசையில் நின்று சொன்னோம்: சகிப்புத்தன்மை.
பல்வலியைச் சகிப்பேன்.
பக்கிங்காம் கால்வாயை இருபது வருஷமாகச் சகிக்கிறேன்.
பக்கத்து வீட்டு மனுஷனுக்கும் அதே சொல்தானா?
டீ கொடுத்தார்கள், மறந்துவிட்டேன்.

ஐப்பசி மழையில் பதினொரு பேருக்குக் காய்ச்சல்.
‘அந்த வடக்கத்தி ரூமைப் பாரு முதல்ல’
தனகோட்டி அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள்.
‘ஒரே ரூம்ல பதினாலு பேரு,
ஊருக்கே சீக்கு.’
பின்னால் தெருவே வந்தது.
போன ராத்திரி யாரோ
அவர்கள் பம்பு ஒயரை அறுத்திருந்தார்கள்.

சின்ன வயதில் எனக்குத் தண்ணீர்
குவித்த கையில்தான் ஊற்றினார்கள், டம்ளரில் அல்ல.
அப்படி வளர்ந்த நானும்
மூக்கைப் பொத்தத் தயாராகத்தான் உள்ளே போனேன்.

கடுகெண்ணெய் வாசம். கயிற்றில் பனியன்கள்.
துறைமுகத்தில் நைட் ஷிப்ட் முடித்தவர்கள்
ஒரு பாய்க்கு இரண்டு பேராகத் தூக்கம்.
டிரம்மின் வாயில் வெள்ளைத் துணி இறுக்கிக் கட்டி
மேலே ஒரு செங்கல்.
அவிழ்த்து டார்ச் அடித்தேன்.
அடி தெரிந்தது.
அடியில் கிடந்த அஞ்சு ரூபாயின் வருஷம்கூடத் தெரிந்தது.

‘பாணி, மேடம்?’
பாபுலா என்ற பையன், ஒடிசா,
டம்ளரை நீட்டினான்.
என் கை பைக்குள்ளேயே இருந்தது.
எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.
அவன் பார்த்திருப்பான்.
அந்தப் பக்கம் நின்று பார்க்கும் கண்
எனக்குத் தெரியாததா.
குடித்தேன். இன்னொரு டம்ளர் கேட்டேன்.

தனகோட்டி அக்கா வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால்,
எல்லா ஃப்ரிட்ஜுக்கும் பின்னால் இருப்பதுபோல்,
ஒரு தட்டு.
இழுத்தேன்.
நூறு காற்புள்ளிகள்,
முற்றுப்புள்ளியே இல்லாமல் நெளிந்தன.
உள்ளறையில் அவள் மகள், நெற்றியில் ஈரத்துணி.
வெளியே கேட்டார்கள்: ‘என்னம்மா, ஆப்ட்டுதா?’
அக்கா என்னைப் பார்த்தாள்.
‘நம்பர் எழுதணுமா?’
‘எழுதணும்கா.’
எழுதினேன். சத்தம் போட்டுப் படிக்கவில்லை.
தட்டைத் தூக்கிக்கொண்டு அவளே வாசலுக்குப் போனாள்.
எல்லார் முன்னாலும் கொட்டினாள்.
ஒருத்தரும் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த வாரம்
பம்பு ஒயரில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது.
யார் என்று நான் கேட்கவில்லை.
மகள் தேறி, படியில் உட்கார்ந்து பன் தின்றாள்.
‘வடக்கத்தியான்’ என்றுதான் அக்கா இன்னும் சொல்கிறாள்.
பாபுலா குடத்தோடு ஏறி வந்தபோது
மகளின் காலை மட்டும்
சுவரோரமாக நகர்த்திவைத்தாள்.

முப்பத்தேழாம் நம்பர்.
நாய் உண்டு என்று எழுதியிருக்கிறது.
கதவைத் தட்டினேன்.